ஆடும் என்ஜினுக்கு வெல்டிங் மருந்தல்ல

கேள்வி: என்னிடம் 1967-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இருக்கிறது. என்ஜினை இறக்கி வேலை பார்த்து ஏற்றியதிலிருந்து, கிளட்சை விடும்போது குலுங்குகிறது. என்ஜினைச் சேசிஸோடு (அடிச்சட்டத்தோடு) சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா? – திருமங்கலம் வாசகர்

பதில்: கூடவே கூடாது. என்ஜின் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும்; அதற்குத்தான் என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே ரப்பர் மவுண்ட். இரும்போடு இரும்பைப் பற்றவைத்தால் அதிர்வெல்லாம் சேசிஸில் இறங்கி, நாளடைவில் என்ஜினைத் தாங்கும் பிராக்கெட் கீறல் விடும்.

பானெட்டைத் திறந்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரைக் கிளட்சை மெல்ல விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்காதீர்கள். ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்து வாய் திறந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஆயில் குடித்து உப்பியிருந்தால், கசிவை நிறுத்திவிட்டு ரப்பரை மாற்றுங்கள். கியர்பாக்ஸுக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள். அங்கே குனிந்து பார்க்கப் பலருக்கு முதுகு வளைவதில்லை.

லாரி டயரை வெட்டிச் சொருகுபவரை அண்டவிடாதீர்கள். ‘ஒரிஜினல்’ என்று பளபளக்கும் உறையில் நீட்டும் புரோக்கர் அதைவிட ஆபத்தானவர். உறையைப் பிரித்து நகத்தால் அழுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர் கல்லாகியிருக்கும். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, என்ஜினின் எடை ரப்பரில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். இந்த வண்டிக்கு இஞ்ச் மரை; மில்லிமீட்டர் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மறந்திருந்தால், ஸ்டார்ட்டர் மின்சாரம் ஏதாவது மெல்லிய கேபிள் வழியாக ஓடி அதைச் சுட்டுவிடும்.

வெல்டிங் எப்போது சரி? சேசிஸில் உள்ள பிராக்கெட்டே கீறியிருந்தால் மட்டும். அதுவும் என்ஜினை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, ரப்பரை அகற்றி, துருவைச் சுரண்டிய பிறகு. கீறலை மூடுவதுதான் வேலை. புதிதாக இரும்புத் துண்டு ஒட்டுவதோ, பிராக்கெட்டை இடம் மாற்றுவதோ அல்ல. மீண்டும் சொல்கிறேன்: என்ஜினைச் சேசிஸோடு பற்றவைப்பது அல்ல.

ஏனென்றால், ஐம்பது ஆண்டு தாண்டிய காரை விண்டேஜாகப் பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. சேசிஸிலோ என்ஜினிலோ மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். “மாருதி என்ஜின் போட்டுவிடலாம், ஆர்.சி.யை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவரிடம் அனுமதிக் கடிதத்தை முதலில் கேளுங்கள். என்ஜின் மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம். அந்த ஒப்புதலுக்காக நேர்மையானவனை ஜன்னல் ஜன்னலாக அலையவிடுவதால்தான் இந்தப் புரோக்கர்கள் வயிறு வளர்க்கிறார்கள்.