கேமரா கேள்வி-பதில்: இருட்டுவதற்குள் எடுக்க வேண்டிய இரவுப் படம்

போன இதழில் வந்த ஹாங்காங் துறைமுகப் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டிசம்பரில் ஹாங்காங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். சின்ன மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு டிரைபாட் இருக்கிறது. துறைமுகத்தை இரவில் படமெடுக்க எங்கே, எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

நல்ல மாதம் பார்த்துத்தான் கிளம்புகிறீர்கள். அக்டோபர் கடைசி தொடங்கி டிசம்பர் முடிய அங்கே காற்று வறண்டு, வானம் தெளிவாக இருக்கும். மார்ச், ஏப்ரல் என்றால் ஈரமும் மூடுபனியும் சேர்ந்து உயரமான கட்டடங்களின் தலையை மறைத்துவிடும்.

ஹாங்காங் தீவுக்கு எதிர்க்கரையான கவுலூன் பக்கம், சிம் ஷா சூய் கடற்கரைக்குப் போங்கள். ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறையை ஒட்டி, பழைய ரயில் நிலையத்தில் மிஞ்சிய 44 மீட்டர் மணிக்கூண்டு நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே நீளும் நடைபாதையில் எங்கே நின்றாலும் எதிரே ஹாங்காங் தீவுதான். வலப்பக்கம் 412 மீட்டர் உயர ஐஎஃப்சி கோபுரம். அதற்கு இடப்பக்கம், உடம்பு முழுக்க முக்கோணக் கோடுகள் ஒளிரும் பேங்க் ஆஃப் சைனா கோபுரம். இன்னும் இடப்பக்கம் போனால், நீரை ஒட்டி வளைந்த கூரையோடு மாநாட்டு மையம். 1997இல் ஹாங்காங்கை சீனாவிடம் ஒப்படைத்த விழா அங்கேதான் நடந்தது. உங்கள் லென்ஸை 18இல், அதாவது அகலமாகப் பார்க்கும் முனையில் வைத்தால் மொத்த வரிசையும் அடங்கும். ஆனால் அதை 35க்குத் திருப்பி, ஐஎஃப்சியிலிருந்து பேங்க் ஆஃப் சைனா வரை மட்டும் கட்டிப் பாருங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். எல்லாவற்றையும் அடக்கினால் பாதிப் படம் வெறும் தண்ணீரும் வெறும் வானமுமாகப் போய்விடும்.

இப்போது நேரம். இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். இரவுப் படம் என்றதும் நன்றாக இருட்டிய பிறகு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். அதற்குள் படம் முடிந்து போயிருக்கும். வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சமும் ஜன்னல் விளக்குகளின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக நிற்கும் சில நிமிடங்கள் உண்டு. ப்ளூ ஹவர் என்று நாம் எல்லோரும் சொல்வது அதைத்தான். அப்போது மட்டுமே கட்டடத்தின் விளிம்பு வானத்திலிருந்து பிரிந்து தெரியும், பின்னால் மலை இருப்பது தெரியும், ஜன்னலும் வெந்து வெளுக்காமல் இருக்கும்.

டிசம்பரில் அங்கே 5.40 வாக்கில் சூரியன் மறையும். நீங்கள் 5 மணிக்கே இடம் பிடித்து டிரைபாடைப் போட்டுவிடுங்கள். 6 மணியிலிருந்து 6.20 வரை உங்கள் நேரம். இன்னொரு கொடுப்பினையும் இருக்கிறது: குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஐஎஃப்சி கோபுரத்துக்குச் சற்று வலப்பக்கம் இறங்கும். ஆகவே அந்த மூலையில் செம்மஞ்சள் கொஞ்ச நேரம் தங்கும், இடப்பக்கம் வானம் அதற்குள் நீலமாகிவிடும். ஒரே படத்துக்குள் இரண்டும் கிடைக்கும். ஜூனில் போகிறவர்களுக்கு இது கிடையாது. அப்போது சூரியன் வடமேற்கே, முதுகுப்பக்கமாகப் போய் மறையும்.

வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அலுவலகங்கள் காலி, கோபுரங்களில் பெரிய பெரிய இருட்டுத் திட்டுகள் விழுந்திருக்கும். செவ்வாய், புதன் 6 மணிக்கு ஒவ்வொரு மாடியிலும் ஆள் இருப்பார்கள். அவர்கள் வேலை செய்யும் வெளிச்சம்தான் நம் படம்.

கேமராவில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 2 விநாடியில் தொடங்கி, இருட்ட இருட்ட 4, 6, 8 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஃபோகஸை மேனுவலில் வைத்து, திரையில் பெரிதாக்கி, தூரத்துக் கட்டடம் ஒன்றின் விளிம்பைப் பார்த்துச் சரிசெய்த பிறகு லென்ஸைத் தொடவே தொடாதீர்கள். 2 விநாடி டைமர் போடுங்கள். பிறகு திருத்த வசதியாக, கேமரா சுருக்காத ரா ஃபைலாகச் சேமியுங்கள். காற்று அடித்தால் டிரைபாடின் நடுத்தண்டை முழுக்க இறக்கிவிட்டு, தோள்பையை அதில் மாட்டித் தொங்கவிடுங்கள். ஆனால் பை காற்றில் ஆடக் கூடாது, அடிப்பாகம் தரையில் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: ஹாங்காங் துறைமுகத்தில் நடக்கும் எட்டு மணி லைட் ஷோவுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்தேன். வானம் தார் போலக் கறுப்பு, விளம்பரப் பலகைகள் வெறும் வெள்ளைத் தகடு. எங்கே தவறு? (வாசகர், மதுரை)

உங்கள் கேமராவில் தவறில்லை. அந்தக் காட்சி 2004இலிருந்து தினமும் இரவு 8 மணிக்கு, பத்து நிமிடம் போல நடக்கிறது. குளிர்காலத்தில் 8 மணிக்கு வானத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. ஜூனில் சூரியன் 7.10 வாக்கில் மறைவதால் 8 மணிக்கும் கடைசி நீலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். லேசரும் நீலமும் சேர்ந்து வேண்டும் என்பவர்கள் ஜூனில்தான் போக வேண்டும்.

என்னைக் கேட்டால், காட்சியைக் கண்ணால் பாருங்கள், படத்தை அதற்கு முன்பே எடுத்து முடியுங்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால் விளம்பரப் பலகையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் எழுத்து படிக்க முடிகிற அளவுக்கு ஷட்டரைக் குறைத்து ஒரு படம், கட்டடம் தெரிகிற அளவுக்குக் கூட்டி இன்னொரு படம், கேமராவை அசைக்காமல் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 11 மணிக்கு மேல் போய் நிற்காதீர்கள். இரவு 10, 11 அல்லது 12 மணிக்கு அலங்கார விளக்குகளை அணைப்பதாக 2016இலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. நிறையக் கட்டடங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு, நமக்குத்தான் படம் போய்விடும்.

கேள்வி: சிங்கப்பூர் மரீனா பேயில் எடுத்தால் கட்டடங்கள் தண்ணீரில் தலைகீழாக அப்படியே விழுகின்றன. ஹாங்காங்கில் எத்தனை முயன்றும் வரவில்லையே? (வாசகர், சிங்கப்பூர்)

நீங்கள் எடுத்தது இரண்டு வேறு வகைத் தண்ணீர். மரீனா பே இப்போது கடல் இல்லை. 2008இல் திறந்த மரீனா அணை கடலை வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே இருப்பது நன்னீர்த் தேக்கம். ஏற்ற இறக்கம் கிடையாது, காற்று நின்றால் தண்ணீரும் நிற்கும்.

ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகமோ இரண்டு பக்கமும் திறந்த நீர்வழி. ஃபெர்ரி, இழுவைப் படகு, சரக்குத் தெப்பம் என்று ஓயாமல் ஏதாவது போய்க்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, கடலைத் தூர்த்துத் தூர்த்துக் கரையை முன்னே கொண்டுவந்ததில் துறைமுகம் குறுகிவிட்டது, கரையெல்லாம் செங்குத்தான கல்சுவர். படகு கிளப்பிய அலை ஒரு சுவரில் மோதித் திரும்பி அடுத்த அலையோடு குழம்புகிறது. அங்கே தலைகீழ்ப் பிம்பத்தைத் தேடவே வேண்டாம்.

கிடைப்பதை எடுங்கள். ஒவ்வொரு விளக்கும் தண்ணீரில் நம்மை நோக்கி நீளும் வண்ணப் பட்டையாக விழும். ஷட்டரை 20 விநாடிக்குக் கொண்டுபோனால் பட்டைகள் பட்டுத்துணி மாதிரி வழவழப்பாகிவிடும். நீல நேரத்தில் அவ்வளவு நீட்டினால் படம் வெளுக்கும், ஆகையால் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று வேண்டும். எனக்கு 1, 2 விநாடி போதும். அலையின் முதுகு கொஞ்சம் தெரிய வேண்டும். அது துறைமுகம் என்று தெரிய வேண்டும்.

கேள்வி: ஸ்டார் ஃபெர்ரியில் போய்க்கொண்டே எடுக்கலாமா? டிரைபாட் வைக்க விடுவார்களா? (வாசகி, காரைக்கால்)

டிரைபாடால் பலன் இல்லை. படகே ஆடும்போது டிரைபாடும் சேர்ந்துதான் ஆடும். கையில் பிடித்து, லென்ஸை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400. ஷட்டர் 1/100 விநாடி. ஏன் அந்த எண் என்றால், அங்கேயும் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். 1/100 அல்லது 1/50 வைத்தால் படகின் உள்விளக்குகள் படத்தில் கோடு கோடாக விழுவது பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

ஆனால் படகில் ஏறிவிட்டு எல்லோரும் கோபுரத்தையே எடுக்கிறார்கள். உள்ளே பாருங்களேன். 1888இல் தொடங்கிய நிறுவனம் அது. பச்சையும் வெள்ளையும் பூசிய படகு. மரப்பலகை இருக்கைகள், முதுகுப் பலகையைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினால் இருக்கை எதிர்த்திசைக்கு மாறிவிடும், திரும்பும் பயணத்துக்குப் படகு திரும்ப வேண்டியதில்லை. கரை சேரும்போது நீலச் சட்டை போட்ட படகு ஊழியர் வாயிலில் வந்து நிற்பார். வடத்தை நீளமான கொக்கிக் கம்பால் வாங்கி, மாட்டி, படகை நிறுத்துவார்கள். அந்த ஊழியர் முகத்தில் படகுத்துறை விளக்கு, முதுகுக்குப் பின்னால் தீவு முழுக்க வெளிச்சம். துறைமுக நகரம் என்றால் எனக்கு அந்தப் படம்தான். எடுப்பதற்கு முன் கண்ணால் ஒரு சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள், வழியில் மட்டும் நிற்காதீர்கள்.

கேள்வி: மலை மேலிருந்து எடுத்த படங்கள்தான் எங்கும் வருகின்றன. மலைக்கு ஏறும் ரயிலான பீக் டிராமில் போனால் அதே இடம் வருமா? (வாசகர், ஈரோடு)

டிராம் கொண்டுபோய் விடும் கட்டடத்தின் மேல்தளம் 428 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டணம் உண்டு, கூட்டமும் உண்டு. நீங்கள் சொல்லும் படங்களில் பல அங்கே எடுத்தவை இல்லை. கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்து லுகார்ட் சாலை பிரிகிறது. மலையைச் சுற்றும் ஒற்றையடிப் பாதை போன்ற சாலை, ஏற்றமே கிடையாது. மெதுவாக 20 நிமிடம் நடந்தால் மரங்கள் விலகி, தீவின் கோபுரங்கள் காலடியில், அப்புறம் துறைமுகம், அதற்கு அப்பால் கவுலூன் என்று மூன்று அடுக்காக விரியும். மாலையில் டிராமுக்கு வரிசை நீளம். தீவின் சென்ட்ரல் பகுதியிலிருந்து 15ஆம் எண் பேருந்து மேலே போகிறது, அதில் போங்கள். சூரியன் மறைய முக்கால் மணி நேரம் முன்பாவது இடத்தில் இருக்க வேண்டும். கைவிளக்கு எடுத்துப் போங்கள், திரும்பும்போது பாதை இருட்டு.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான். (வாசகர், நாகர்கோவில்)

தாராளமாகப் போதும். முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்தான் இரவில் ஒவ்வொரு விளக்கையும் இழுவிவிடுகிறது. நைட் மோட் போட்டு, போனைக் கைப்பிடிச் சுவர் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். பிரகாசமான ஜன்னல் ஒன்றைத் தொட்டு, அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். வானம் கொஞ்சம் இருண்டது போல இருக்கட்டும், பரவாயில்லை. விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். போனில் தனி ஜூம் லென்ஸ் இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வானத்தில் பச்சைப் புள்ளிகள் மிதக்கின்றன. லென்ஸ் போய்விட்டதா? (வாசகர், புதுச்சேரி)

இல்லை. லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்காகத் திருகி வைத்திருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். விளக்கு வெளிச்சம் லென்ஸுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவே எதிரொளித்து, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறம் புள்ளியாக விழுகிறது. பகலில் தெரியாது, இரவில் மானத்தை வாங்கும்.

கேள்வி: இரவுப் படத்தில் வண்ணத்தை எவ்வளவு தூரம் மாற்றலாம்? இப்போது எல்லாப் படமும் ஊதாவும் ஆரஞ்சுமாக இருக்கிறதே. (வாசகர், கோவை)

எனக்கு அந்த ஊதா ஆகவே ஆகாது. ஊரை அது பொய்யாக்குகிறது. வொயிட் பேலன்ஸை (படத்தின் மொத்த வண்ணச் சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பு) 3800லிருந்து 4200 கெல்வினுக்குள் வைத்தால் வானம் நீலமாகவும், ஜன்னல்கள் லேசான மஞ்சளாகவும், புது எல்ஈடி விளக்குகள் வெள்ளையாகவும் தனித்தனியாக நிற்கும். அதற்கு மேல் நிழலைக் கொஞ்சம் தூக்கலாம், வெளிச்சத்தைக் கொஞ்சம் அமுக்கலாம், போதும்.

ஒரு சான்று சொல்கிறேன். ஹாங்காங் தீவில், வான் சாய் பக்கம் 374 மீட்டர் உயரத்தில் சென்ட்ரல் பிளாசா என்ற கோபுரம் இருக்கிறது, 1992இல் முடித்தது. அதன் உச்சியிலுள்ள நான்கு விளக்குப் பட்டைகள் மணி காட்டுவதற்காக அமைத்தவை. மணிக்கு ஒரு நிறம், கால் மணிக்கு ஒரு பட்டை. கணினியில் உட்கார்ந்து மொத்தப் படத்தையும் ஊதாவுக்குத் தள்ளினால், அந்தக் கடிகாரத்தின் மணியையே மாற்றிவிடுகிறீர்கள். அந்த ஊர்க்காரர் பார்த்தால் உடனே கண்டுபிடிப்பார்.

கேள்வி: ஓட்டல் அறை ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கும்போது அறைக்குள் இருப்பதெல்லாம் படத்தில் தெரிகிறது. (வாசகி, சேலம்)

அறை விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள், டிவியின் சின்னச் சிவப்பு விளக்கு மேல்கூட ஒரு துண்டைப் போடுங்கள். லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடுங்கள். லென்ஸ் முனையில் மாட்டிக் கண்ணாடியில் அழுத்தும் ரப்பர் ஹுட் விலை குறைவு, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே போவதாக இருந்தால், கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் மூடி வையுங்கள். வெளிக்காற்று ஈரமாக இருக்கும் மாதங்களில் குளிர்ந்த லென்ஸ் மேல் உடனே ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும், அதற்குள் நீலம் போய்விடும்.