வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி நீர்த்துப் போகாமல், தாளிப்பு மொறுமொறுவென இருக்க என்ன செய்யலாம்?

நீர்த்துப் போவதற்குக் காரணம் உப்புதான்; அது வெள்ளரிக்காயிலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அதனால் அந்த நீரை முன்பே எடுத்துவிட வேண்டும். வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, அரை ஸ்பூன் உப்புப் பிசறி 10 நிமிடம் வைத்து, நன்றாகப் பிழிந்துவிடுங்கள். மேற்கொண்டு உப்பு வேண்டாம், கடைசியில் தூவும் மோர்மிளகாயிலேயே இருக்கிறது.

அப்புறம் தயிர். புளிக்காத கெட்டித் தயிராக ஒரு கப். பாலக்காட்டில் எங்கள் வீட்டில் 2 ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஒரு பச்சை மிளகாய், கால் ஸ்பூன் கடுகு அரைத்துக் கலப்போம். கடுகைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று விட்டால் போதும். அதிகம் அரைபட்டால் கசக்கும்.

தாளிக்கத் தேங்காய் எண்ணெய்தான், வேறெதுவும் அந்த மணம் தராது. கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, கறிவேப்பிலை போடுங்கள். மோர்மிளகாய் இரண்டைத் தனியே பொரித்து நொறுக்குங்கள். முன்கூட்டியே கலந்தால் பருப்பு ஊறிவிடும்; பரிமாறும்போதுதான் மேலே தூவ வேண்டும்.