மென்பொருள் புதுப்பித்தபின் புல்தரையைக் குதறும் ரோபோட்: எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி: பினாங்கு சுங்கை ஆராவில் எங்களுடையது கார்னர் லாட் வீடு. புல்தரை ஏறத்தாழ 250 சதுர மீட்டர் இருக்கும். முன்புறம் கௌ கிராஸ், பக்கவாட்டில் ஜப்பான் புல். எல்லைக் கம்பி புதைக்கத் தேவையில்லாத, செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் ஓடும் ரோபோட் புல்வெட்டி ஒன்றை ஒன்றரை ஆண்டுக்கு முன் வாங்கினோம். ஓராண்டுக்கும் மேலாக ஒரு தொல்லையும் இல்லை. மூன்று வாரத்திற்கு முன் ஓர் இரவு அது தானாகவே அப்டேட் ஆனது. அதன்பின் செம்பருத்திப் பாத்தியில் ஏறுகிறது, சுவரோரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, சார்ஜ் நிலையத்துக்குப் போகும் வழியைச் சேறாக்கிவிட்டது. புல்லில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள். விற்பனையாளர், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைபடம் போடச் சொல்கிறார். செய்யலாமா, ஐயா? அல்லது இயந்திரத்தை விற்றுவிட்டு, மாதம் இருமுறை முதுகில் மெஷினைச் சுமந்து வந்த பழைய அண்ணனையே கூப்பிட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அழிக்க வேண்டாம். புதிய வரைபடம் கடைசியில் தேவைப்படலாம். ஆனால் அதையே முதல் வேலையாகச் செய்தால், கோளாறு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயமும் பழைய வரைபடத்தோடு போய்விடும், கோளாறு மட்டும் புதியதிலும் தொடரும். இன்று செய்ய வேண்டியவை இரண்டே. இயந்திரத்தின் கால அட்டவணையை நிறுத்துங்கள். பிறகு கைப்பேசிச் செயலியைத் திறந்து, வெட்டு உயரம், ஓரம் வெட்டும் முறை, மழைக்குப்பின் காத்திருக்கும் நேரம், வெட்டும் திசை, மென்பொருளின் பதிப்பு எண் என ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்டேட் ஆன தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் உதவும்.

உங்கள் கடிதத்தில் இயந்திரம் வழி தவறுவது, புல் காயம்படுவது என இரண்டு தனிப் பிரச்சினைகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. வழி தவறினால் புல் காயம்படும் என்பது உண்மைதான்; ஆனால் துல்லியமாக வழி அறிந்து ஓடும் இயந்திரமும் ஈர மண்ணில் தவறான முறையில் திரும்பினால் புல்லைக் கிழிக்கும். ஆகவே செயலியில் வரும் எச்சரிக்கைகளைவிடத் தரையில் உள்ள தடங்களையே நான் அதிகம் நம்புவேன். காலை பத்து மணிவாக்கில், பனி காய்ந்தபின், அந்தத் திட்டுகளின் அருகே முழங்காலிட்டுப் பாருங்கள்.

தோசைக்கல் அளவில், நடுவே பச்சை மிஞ்சி, சுற்றிலும் பழுப்பு வளையம் இருந்தால், அது இயந்திரம் நின்ற இடத்தில் சுழன்ற தடம். பின்சக்கரங்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் உருளும்போது அவற்றின் பற்கள் ஒரே வட்டத்தை மீண்டும் மீண்டும் தேய்க்கின்றன. அந்த இடத்தில் கௌ கிராஸின் ஓடுதண்டை விரலால் தூக்கிப் பார்த்தால், கணுக்களுக்கு இடையில் நைந்து வெளுத்த முனைகள் தெரியும். தண்டு இன்னும் மண்ணைப் பிடித்திருந்தால் புல் பிழைத்துவிடும். இலை நுனிகள் மட்டும் பல் துலக்கிய வேப்பங்குச்சி போல நார்நாராகி, தரை முழுவதும் லேசாக வெளுத்துத் தெரிந்தால், குற்றம் மென்பொருளில் இல்லை, மழுங்கிய கத்தியில். சவரத் தகடு போன்ற அந்தச் சிறு கத்திகளை ஓரிரு மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வடிவமே இல்லாமல் பரவும் திட்டுகளில் மைனாக்கள் கூட்டமாகக் கொத்திக்கொண்டிருந்தால், இயந்திரத்தை விட்டுவிட்டுப் புழுவைத் தேடுங்கள். நான்கு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால், படைப்புழு இருக்குமானால் மேலே வந்துவிடும். அப்டேட் ஆன அதே வாரத்தில் புழுவும் வந்து, பழி முழுவதும் இயந்திரத்தின் மேல் விழுந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வழி தவறுவதைப் பார்ப்போம். இதற்கு ஒரு கட்டு சாத்தே குச்சியும் ஓர் அளவு நாடாவும் போதும். தரை காய்ந்திருக்கும் நாளில், வெட்டு உயரத்தை ஆக அதிகமாக வைத்து, ஓரச் சுற்றை மட்டும் ஒருமுறை ஓடவிடுங்கள். பின்னாலேயே நடந்து சென்று, வெளிச்சக்கரம் பதிந்த கோட்டில் இரண்டு மீட்டருக்கு ஒரு குச்சி நடுங்கள். பிறகு ஒவ்வொரு குச்சிக்கும் நீங்கள் முதலில் எல்லை வரைந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாக் குச்சிகளும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருந்தால், அதாவது செம்பருத்திப் பக்கம் 15 சென்டிமீட்டர் உள்ளே ஏறி, எதிர்ப்பக்கம் அதே 15 சென்டிமீட்டர் வெட்டாமல் விடப்பட்டிருந்தால், வரைபடம் முழுவதும் நகர்ந்திருக்கிறது என்று பொருள். சுவரோரக் குச்சிகள் மட்டும் தாறுமாறாக இருந்தால், அங்கே செயற்கைக்கோள் சமிக்ஞை கெடுகிறது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முழு வரைபடமும் ஏன் நகர்கிறது என்பதை அறிய, இயந்திரம் தன் இடத்தை எப்படி அறிகிறது என்பது தெரிய வேண்டும். சாதாரணக் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிழை இருக்கும். அதைக் கொண்டு பாத்திக்கும் புல்லுக்கும் வேறுபாடு காண முடியாது. ஆகவே உங்கள் வீட்டில் ஒரு கம்பத்தின்மேல் நிலையான ஆண்டெனா ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதுவும் இயந்திரமும் ஒரே செயற்கைக்கோள்களைக் கேட்டு, இரண்டுக்கும் பொதுவான பிழையைக் கழித்துவிடுவதால் சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது. இதைத்தான் ஆர்டிகே என்கிறோம். இங்கே இயந்திரம் அளப்பது, அந்த ஆண்டெனாவிலிருந்து தான் எவ்வளவு தொலைவில், எந்தத் திசையில் இருக்கிறோம் என்பதையே. கம்பம் பத்து சென்டிமீட்டர் சாய்ந்தால் உங்கள் தோட்டமும் இயந்திரத்தின் கணக்கில் பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விடியற்காலையில் நீரிணைப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்றை நம் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. எனவே மென்பொருளைத் திட்டுவதற்கு முன் கம்பத்தின் திருகுகளை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கம்பம் உறுதியாக இருந்தால் சந்தேகம் அப்டேட்டின் மேல் திரும்புவது நியாயம். சில இயந்திரங்களில், புதுப்பித்து மறுதொடக்கம் ஆகும்போது ஆண்டெனா தன் இடத்தைப் புதிதாகக் கணித்துக்கொள்கிறது. புதிய கணிப்பு பழையதோடு பொருந்தாவிட்டால் வரைபடம் அப்படியே ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். இந்த நிலையில் புதிதாக வரைபடம் போடுவதே சரியான தீர்வு. போடும்போது எல்லையைப் பாத்தியிலிருந்து 20 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி வரையுங்கள்.

சுவரோரச் சிக்கல் வேறு வகை. சுவர், சிங்க் கூரை, நிறுத்தியிருக்கும் கார் எல்லாம் சமிக்ஞையை எதிரொலிக்கின்றன. நேரே வந்தது எது, சுவரில் பட்டு வந்தது எது என்று இயந்திரம் குழம்பும்போது, முன்பு அது சக்கரச் சுழற்சியையும் திசை உணரியையும் நம்பிச் சிறிது தூரம் ஓடிக் கடந்திருக்கும். புதிய மென்பொருள் பாதுகாப்புக் கருதி, இடம் உறுதியாகும்வரை நின்று தேடும்படி மாற்றப்பட்டிருக்கலாம். தேடுவதற்காகத்தான் அது சுழல்கிறது. தயாரிப்பாளர் கணக்கில் அது எச்சரிக்கை, உங்கள் புல்லின் கணக்கில் கொடுமை. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளினால் இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது என்பதைக் குச்சி வைத்துக் கண்டுபிடித்து, அந்தப் பட்டையை வெட்டாப் பகுதியாகக் குறித்துவிடுங்கள். ஆண்டெனா ஆவ்னிங்கின்மேல் தகரத்தை ஒட்டி இருந்தால், திறந்த வானம் தெரியும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். அதன்பின் எப்படியும் வரைபடம் புதிதாகத்தான் போட வேண்டும் என்பதால் இந்த முடிவை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வானத்தில் அதே அமைப்புக்குத் திரும்ப 23 மணி 56 நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இயந்திரம் நிற்கும் நேரம் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாகி, ஒரு வாரத்தில் அரை மணி நேரம் நகர்ந்தால், தோட்டத்தின் அந்த மூலைக்கு வானம் போதவில்லை என்று ஐயமின்றிச் சொல்லலாம். சூரியன் மறைந்தபின் நள்ளிரவுவரை மட்டும் தொல்லை என்றால் காரணம் இன்னும் மேலே இருக்கிறது. பினாங்கு புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. இந்தப் பகுதிகளில் அயனி மண்டலம், அதாவது செயற்கைக்கோள் சமிக்ஞை கடந்துவரும் மின்னூட்டம் பெற்ற மேல்வளி அடுக்கு, அந்தி சாய்ந்தபின் குமிழியிட்டுக் கலங்கும், குறிப்பாக மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியச் செயற்பாடு மிகுந்த ஆண்டுகளிலும். அந்த நேரத்தில் எந்த மென்பொருளும் தடுமாறும். இரவில் ஓடவிடுவதை நிறுத்துங்கள், தேரைகளும் பிழைத்துப்போகும்.

நிலையத்துக்குப் போகும் வழி சேறானதற்கும் வானத்துக்கும் தொடர்பில்லை. புதுப்பிக்கும்போது சில அமைப்புகள் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கே திரும்பிவிடுவது உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வழியில் நிலையத்துக்குத் திரும்பும் வசதி அணைந்திருக்கிறதா, மழைக்குப்பின் காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறதா, திரும்பும் முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னும் பின்னும் நகர்ந்து மூன்று அசைவில் திரும்பும் தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். நம் வீட்டுமனைகளில் பெரும்பாலும் புல்லுக்கு அடியில் ஒரு சாண் மண் இருந்தாலே அதிர்ஷ்டம். அதன்கீழ் லோரியில் கொட்டி அழுத்திய களிமண் நீரை விடாது. பலத்த மழைக்குப்பின் ஒரு நாள் முழுவதும் காத்திருப்பது மிகையல்ல. வெட்டு உயரம் கௌ கிராஸுக்கு நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டர், ஜப்பான் புல்லுக்கு மூன்று போதும்.

புல்லை மீட்பது நீங்கள் அஞ்சுவதுபோல் கடினமன்று, ஆனால் பொறுமை வேண்டும். சேறான வழியை ஈரத்தில் தட்டி நிரவாதீர்கள், மண் இறுகிவிடும். அழுத்தினால் உதிரும் பதத்துக்குக் காய்ந்தபின், தோட்டத்து முள்கரண்டியை ஒரு சாண் இடைவெளியில் எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழம் குத்தி லேசாக அசைத்து எடுங்கள். கழுவிய ஆற்று மணலை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல், இலை மூடாமல் தூவி விரல்களால் பரப்புங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் புல் மேலே வந்தபின் இன்னொரு முறை. கௌ கிராஸ் உள்ளங்கை அளவு வெற்றிடத்தைத் தானே மூடிக்கொள்ளும்; பெரிய வளையங்களுக்கு வேலியோரத்திலிருந்து கணுக்களுள்ள தண்டுகளை எடுத்து ஊன்றுங்கள். புது இலை தெரிந்தபின் 15-15-15 உரம் சதுர மீட்டருக்கு 30 கிராம், போட்டவுடன் நீர். அடைமழைக்கு முன் போட்டால் அது சாக்கடைக்குத்தான் போகும். ஜப்பான் புல் மெதுவாக வளர்வது. அது மூட மாதங்கள் ஆகும். அவசரம் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் புல்பத்தை வாங்கிப் பதியுங்கள்.

விற்பனையாளரிடம் பேசும்போது, "அப்டேட்டுக்குப்பின் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ரீசெட் செய்யச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு பதில் இல்லை. குச்சி அளவுத் தாள், தேதியுள்ள படங்கள், பதிப்பு எண் ஆகியவற்றை எழுத்துமூலம் அனுப்பி, பழைய பதிப்புக்குத் திருப்ப முடியுமா, இயந்திரத்தின் பதிவேட்டை எடுத்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள்; இவை பெரும்பாலும் அவர்கள் பக்கத்திலிருந்தே செய்யக்கூடியவை. பதில் வராவிட்டால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதியலாம். அதற்குமுன் ஆலோசனை வேண்டுமென்றால் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: கருவியில் எம்சிஎம்சி, அதாவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்ததை யாரேனும் கொண்டுவந்து விற்றிருந்தால், ஆண்டெனாவின் வானொலி அலைவரிசையும் அதற்கு வரும் அப்டேட்டும் நமக்குரியவையாக இல்லாமல் போகலாம்.

இயந்திரத்தை விற்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஓராண்டுக்கு மேல் ஒழுங்காக ஓடியது மீண்டும் ஓடும். தானியங்கி அப்டேட்டை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, புதியது வந்தால் இரண்டு வாரம் பொறுத்து, முதல் ஓட்டத்தை ஆக அதிக உயரத்தில் வைத்து நீங்கள் அருகில் நின்று பாருங்கள். ஆனால் புல் தேறும் இந்த ஐந்தாறு வாரத்துக்கு அண்ணனைக் கூப்பிடுங்கள், காயம்பட்ட இடங்களை விட்டு வெட்டச் சொல்லுங்கள். அதன்பிறகும் மாதம் ஒருமுறை வரச் சொல்வது நல்லது. இயந்திரத்துக்கு நீங்கள் தடுத்துவிட்ட அந்தச் சுவரோரத்துப் பட்டையை யாராவது வெட்டத்தானே வேண்டும்.