1 கிராம் ஹைட்ரஜனில் எத்தனை அணு: அடுக்கு −31 வருவது ஏன்?

ஓர் ஹைட்ரஜன் அணுவின் நிறையை வைத்து 1 கிராமில் எத்தனை அணு என்று கணக்கிட்டபோது 5.99 × 10⁻³¹ வந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சரியான விடை 5.99 × 10²³. உங்கள் விடையில் 5.99 என்ற எண் சரி, அடுக்குதான் (10-இன் மேல் வரும் சிறிய எண்) தவறு.

1 கிராம் என்பது 10⁻³ கிலோ. அதை ஓர் அணுவின் நிறையான 1.67 × 10⁻²⁷ கிலோவால் வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்க வேண்டும்: −3 − (−27) = 24. அநேகமாக ஒரு மைனஸை விட்டுவிட்டு −30 என்று போட்டிருப்பீர்கள். அப்புறம் 1 ÷ 1.67 = 0.599; அதை 5.99 ஆக்கும்போது அடுக்கில் ஒன்று குறைந்து 23.

இந்த மாதிரிக் கணக்கில் முதலில் அடுக்கின் குறியைப் பாருங்கள். மைனஸ் வந்தால் ஒரு கிராமில் ஓர் அணுகூட இல்லை என்றாகிவிடும்!

ஒன்று கவனியுங்கள்: இது அணுக்களின் எண்ணிக்கை. வாயுவில் ஹைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்தே இருக்கும். கேள்வி மூலக்கூறு பற்றியது என்றால் பாதிதான், சுமார் 3 × 10²³.