மலைக்காட்டுக்கு எந்த வண்டி? ஹெச்பியை விட்டுவிட்டு எண்ணெயையும் அகலத்தையும் பாருங்கள்

கேள்வி: கொல்லிமலையில் எங்களுக்கு 5 ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. மேலே சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு, ஊடே காபி, கீழே கொஞ்சம் மரவள்ளி. ஆள் கிடைப்பது சிரமமாகிவிட்டது. டிப்பர் டிரெய்லர், குழி போடும் ஆகர், முன்பக்க லோடர் மூன்றையும் ஒரே வண்டியில் ஓட்ட நினைக்கிறோம். 45 ஹெச்பி டிராக்டரே எடுத்துவிடு என்கிறார் மாமா. ஃபோர் வீல் பிக்கப்பில் டிப்பர் வைத்தால் போதும் என்கிறான் தம்பி. ஷோரூமில் மினி டிராக்டரைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– சேந்தமங்கலம் வாசகர்

பதில்: 24 முதல் 28 ஹெச்பி வரையுள்ள ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டர் எடுங்கள். ஆனால் நீங்கள் கேட்கும் மூன்றில் லோடரை விட்டுவிடுங்கள், ஆகரை ஹைட்ராலிக்கில், அதாவது பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தில், ஓட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ஹைட்ராலிக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. டிப்பர் ஜாக்கி எண்ணெயை ஒரு தடவை வாங்கிக்கொண்டு தூக்கி நிற்கும். அதற்கு வேகம் முக்கியமில்லை. 4 அங்குல உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஜாக்கி முழுதாக நீள சுமார் 8 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்பு அதை 25 நொடிக்குள் நிரப்பிவிடும். 10 லிட்டர் பம்பாக இருந்தால் 50 நொடி ஆகும், அவ்வளவுதான். ஆகரைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டார் அப்படியில்லை. அது சுற்றுகிற வரைக்கும் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்கு எளிது: அழுத்தத்தை பாரிலும் ஓட்டத்தை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 150 பார், 20 லிட்டர் என்றால் 5 கிலோவாட், அதாவது 7 ஹெச்பிக்கும் குறைவு. அதிலும் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். எஞ்சின் 27 ஹெச்பி என்று பானெட்டில் எழுதியிருந்தாலும் ஹைட்ராலிக் வழியாகக் கைக்கு வருவது இவ்வளவுதான். கொல்லிமலை மண்ணில் பாறை தட்டும்போது இது திணறும், எண்ணெய் கொதிக்கும். அதனால் ஆகரை பிடிஓ ஷாஃப்டில், அதாவது எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டில், ஓடுவதாக வாங்குங்கள். பிடிஓவுக்கு எஞ்சின் சக்தியில் பெரும்பங்கு நேராகவே வந்துவிடும். பாறையில் மாட்டினால் முதலில் உடையும்படி அதில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். அது உடைகிறதே என்று கடினமான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் உடைவது கியர்பாக்ஸ்.

ஆக, ஷோரூமில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹெச்பி அல்ல. பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? வெளிக்கருவிக்கு எத்தனை லைன்? அது எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் தள்ளும் சிங்கிள் ஆக்டிங்கா, இரு பக்கமும் தள்ளும் டபுள் ஆக்டிங்கா? டிப்பருக்கு சிங்கிள் போதும், தொட்டியின் எடையே எண்ணெயைத் திருப்பித் தள்ளிவிடும். பிற்பாடு ரிவர்சிபிள் கலப்பை (புரட்டிப் போட்டு இரு பக்கமும் உழுவது) வாங்கும் எண்ணம் இருந்தால் டபுள் ஆக்டிங் வேண்டும். வாங்கும்போதே வால்வைப் போட்டுக்கொள்வது நல்லது. விற்பவருக்கு இந்த எண்கள் தெரியவில்லை என்றால் அந்த மாடலின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பிடிஓவில் கிடைத்த சக்தி, தூக்கிய எடை எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தாளைவிட அதை நம்பலாம்.

தூக்கும் எடையிலும் ஒரு விஷயம். இந்த வகை டிராக்டர்களில் பல 750 கிலோ தூக்கும் என்று போட்டிருப்பார்கள். அது இணைப்புக் கையின் நுனியில் அளந்தது. கருவியின் எடை அதற்கும் 2 அடி பின்னால் தள்ளி விழும்போது தூக்கும் திறன் நன்றாகவே குறையும். மலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்னால் பாரம் தொங்க மேட்டில் ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மொத்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். முன்பக்க வெயிட்டை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இப்போது அகலத்துக்கு வருவோம். உங்கள் நிலத்தில் உண்மையான சிக்கல் இதுதான். காபிச் செடிகளின் நடுவே போக ஒடுக்கமான வண்டி வேண்டும். சரிவில் நிற்க அகலமான வண்டி வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. முதலில் சரிவை அளந்து பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப் போதும். 10 அடி நீளத்தில் 2 அடி ஏறினால் சுமார் 11 டிகிரி. 2 அடி 8 அங்குலம் ஏறினால் 15 டிகிரி. அதற்கு மேல் உள்ள இடத்தில் எந்த மினி டிராக்டரையும் குறுக்கே ஓட்டாதீர்கள், அதை மட்டும் கறாராகச் சொல்வேன். அங்கே வரப்புப் படிகளும் ஒரு வண்டித்தடமும் வெட்டிய பிறகுதான் இயந்திரம். அதற்குக் குறைவான சரிவிலும் நேராக ஏறி இறங்குவதே நல்லது. பல மாடல்களில் பின்சக்கர ரிம்மைத் திருப்பிப் பூட்டி அகலத்தைக் கூட்டலாம். செடி இடைவெளி எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவுக்கும் கூட்டிவிடுங்கள். பின் டயரில் வால்வு உயரம் வரை, அதாவது முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடை கீழே தங்கும்.

லோடரை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். ஒடுக்கமான வண்டியில் 200 கிலோ மண்ணை முன்னால், அதுவும் உயரத்தில் தூக்கிக்கொண்டு சரிவில் திரும்பினால் ஒரு கல்லில் சக்கரம் ஏறினாலே போதும், கவிழ்ந்துவிடும். எருவும் மூட்டையும் கொண்டு போக, பின் இணைப்பில் மாட்டும் இரும்புப் பெட்டி ஒன்றைப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். மண் வேலைக்கு வருடத்தில் சில நாள் வாடகை இயந்திரம் பிடித்தால் முடிந்தது. வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்குத் தருகிறார்கள். உங்கள் ஊர் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் பொக்லைன் இறக்குவதற்கு முன் அனுமதி பற்றி தாலுகா ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

பிரேக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிராக்டரில் வலது இடது பின்சக்கரங்களுக்கு இரண்டு தனித்தனி பிரேக் பெடல் இருக்கும். உழும்போது திரும்ப அது வசதி. மலையிலும் ரோட்டிலும் இரண்டையும் இணைக்கும் சின்னத் தாழ்ப்பாளைப் போடாமல் மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். பெரும்பாலான மினி டிராக்டர்களில் முன்சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. ஃபோர் வீலைப் போட்டால்தான் எஞ்சின் பிடிப்பு முன்சக்கரத்துக்கும் போகும். அதனால் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் ஃபோர் வீலில், லோ கியரில் இறங்குங்கள். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதிக்காதீர்கள்.

டிரெய்லர் இரண்டு சக்கரமாக இருக்கட்டும். அதன் பாரத்தில் கொஞ்சம் டிராக்டரின் பின் அச்சில் அமர்ந்து பிடிப்புக் கொடுக்கும். டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் சரக்கோடு அதன் எடை டிராக்டர் எடையைத் தாண்டக் கூடாது. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மினி டிராக்டரில் பாரம் இறக்குவதே வேண்டாம். அது லாரி, பிக்கப் வேலை. தோட்டத்துக்குள் தொட்டியைத் தூக்கும்போது டிரெய்லர் அச்சு மட்டமாக நிற்க வேண்டும். இதில் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பல மினி டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். ஜாக்கி 8 லிட்டரை இழுத்துக்கொண்டு வண்டியும் சாய்ந்து நின்றால் பம்பு காற்றை உறிஞ்சி இரையத் தொடங்கும். வெளி ஜாக்கிக்கு எவ்வளவு எண்ணெய் கொடுக்கலாம் என்று மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் டிரெய்லருக்கு ஆர்டர் கொடுங்கள்.

தம்பி சொல்லும் பிக்கப்பில் டிப்பரை பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பவர்பேக், அதாவது மோட்டாரும் பம்பும் சேர்ந்த பெட்டி, தூக்கும். கொஞ்ச நேரம் ஓடி ஆற வேண்டிய மோட்டார் அது. டிப்பருக்குப் போதும், வேறு கருவிக்கு ஆகாது. மாமா சொல்லும் 45 ஹெச்பி அகலத்தாலும் எடையாலும் சரிவில் நன்றாக நிற்கும். ஆனால் காபிக்குள் நுழையாது. நிலம் முழுக்க மரவள்ளியாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வாங்கும் முன் டெமோவை உங்கள் நிலத்திலேயே கேளுங்கள், அதுவும் மழை பெய்த மறுநாள். ஒரு மணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடான பிறகு கருவியைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடத்திலேயே கடகடவென்று இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் கவிழ்வு காப்புக் கம்பி இருக்கிறதா, சீட் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி இல்லாத வண்டியை மலைக்கு எடுக்கவே வேண்டாம். ஹோஸில் கசிவு தெரிந்தால் விரலை வைத்துத் தடவாதீர்கள். ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஹோஸ் மாற்ற நீங்கள் அலைய வேண்டியதில்லை, போர்வெல் ரிக்குகள் நிறைந்த திருச்செங்கோட்டில் இந்த வேலை தெரிந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை.

மானியத்துக்கு உழவன் செயலியில் பதிந்துவிட்டு வட்டார வேளாண் பொறியியல் அலுவலகத்தில் விசாரியுங்கள். சிறு, குறு விவசாயிச் சான்று இருந்தால் கையோடு கொண்டு போங்கள், மானிய விகிதம் கூடும். ஒப்புதல் கைக்கு வரும் முன் ஷோரூமில் முன்பணம் கட்ட வேண்டாம்.