கல்வீட்டுச் சுவருக்குச் சீமெந்து பூசலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிரான்ஸில் உள்ள மகன் லிமோஜ் நகருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பழைய கருங்கல் வீடு வாங்கியிருக்கிறார். முன்பிருந்தவர்கள் வெளிச்சுவர் மூட்டுகளுக்குச் சீமெந்து பூசிவிட்டார்கள். உள்ளே இடுப்பளவுக்கு ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. ஈரம் புகாத பெயின்ற் அடித்து மூடலாமா என்று கேட்கிறார்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மூட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அம்மா. பெயின்ற் அடித்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்துப் பழைய சுவர்கள் பெரும்பாலும் 50 – 60 சென்ரிமீற்றர் தடிப்பு. மண்சாந்தும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. அடியில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்து ஈரம் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் கல்லிடை மூட்டுகளால் காற்றில் போய்விடும். கருங்கல் ஈரத்தை எளிதில் விடாது, எனவே மூட்டுத்தான் வழி. அதைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் உள்பக்கம் திரும்பும், உள்ளிருக்கும் மண்சாந்து கரையும், சுவருக்குள் பதிந்த தீராந்தி நுனிகள் உக்கும். ஒரு ஸ்குரூட்ரைவரைத் தீராந்தி சுவரைத் தொடும் இடத்தில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இலகுவாக உள்ளே இறங்கினால் மற்ற வேலைக்கு முன் அதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். பீலியும் இறக்கு குழாயும் ஒழுகுகின்றனவா? வெளிநிலம் வீட்டுத் தரையை விட உயர்ந்திருக்கிறதா? பழைய வீடுகளில் ஆண்டுக்கணக்கில் மண் சேர்ந்து அப்படித்தான் ஆகிவிடும். தரைமட்டத்துக்கு 15 – 20 சென்ரிமீற்றர் கீழே வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். வடிகால் போடுவதென்றால் சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, அத்திவாரத்தின் அடியை விட ஆழமாகாமல். சுவரோடு ஒட்டித் தோண்டினால் அத்திவாரம் அசையும்.

அடுத்துச் சீமெந்தைக் கழற்றுவது. கையுளியும் சுத்தியலும் போதும். இயந்திர உளி கல்லின் ஓரத்தைச் சிதைத்துவிடும். மூட்டை 2 – 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் துலக்கி, முதல்நாளே சுவரை நன்றாக நனைத்து வைக்க வேண்டும்.

சாந்துக்கு இயற்கை நீர்ச்சுண்ணாம்பு, அதாவது தண்ணீர் சேர்ந்ததும் இறுகும் வகைச் சுண்ணாம்பு: பையில் என்எச்எல் 3.5 என்றிருக்கும். எச்எல், எஃப்எல் என்று மட்டும் உள்ளவற்றில் சீமெந்து கலந்திருக்கலாம், தவிர்க்கவும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 2½ – 3 பங்கு மணல், வாளிக் கணக்கில். மணல் கழுவியதாக, 0 – 4 மில்லிமீற்றர் பருமனில் பொடியும் குறுணியும் கலந்திருக்க வேண்டும். தண்ணீர் குறைவாக: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம். கூடினால் காயும்போது வெடிக்கும். மூட்டுக்குள் அழுத்தி நிரப்பி, நகம் பதியும் அளவுக்கு இறுகியதும் கடினமான பிரஷால் துலக்கினால் மணல் மணலாக முகம் தெரியும். வழவழவென்று கரண்டியால் தேய்த்துவிடக் கூடாது. மேலே சுண்ணாம்புப் படலம் படிந்து மூச்சடைக்கும். பிறகு சில நாட்கள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, வெயிலும் காற்றும் படாமல் வைக்க வேண்டும்.

5 பாகை செல்சியஸுக்குக் கீழே இந்த வேலை ஆகாது. உறைபனி பட்டால் சாந்து பொடியாகிவிடும். வசந்தத்தின் பிற்பகுதியில் தொடங்கி செப்ரெம்பருக்குள் முடிப்பதே நல்லது. சுண்ணாம்பு கண்ணைச் சுடும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். உட்சுவர் சட்டென்று காயாது. அவசரப்பட்டுப் புதுப்பூச்சு பூசினால் அதுவும் உதிரும்.

கேள்வி: தங்கை குடும்பம் பிரெஞ்சுக் கிராமத்தில் வீடு பார்க்கிறது. கையெழுத்துக்கு முன் எந்தப் பத்திரங்களைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தெஹிவளை

பதில்: விற்பவர் தரவேண்டிய பரிசோதனை அறிக்கைக் கட்டு ஒன்று உண்டு. 1949க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ற் அறிக்கை இருக்க வேண்டும். ஈயம் இருந்தால் பழைய யன்னல்களை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம். மின்சார வயரிங் 15 வருடத்துக்கு மேற்பட்டது என்றால் அதற்கும் அறிக்கை உண்டு.

அதிகம் கவனியாமல் விடுவது மலக்குழி. கிராமத்தில் பொதுக் கழிவுக்குழாய் இல்லாத வீடுகள் பல. அங்கே ஸ்பாங்க் என்ற உள்ளூர்ச் சேவையின் அறிக்கை, 3 வருடத்துக்கு உட்பட்டது, வேண்டும். குழி விதிக்கு ஒத்துவரவில்லை என்றால் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் திருத்த வேண்டும், எனவே அந்தச் செலவை விலை பேசும்போதே கழிக்கச் சொல்லுங்கள். முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகும் வாங்குபவர் மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு.

கேள்வி: தெரிந்த தமிழ்ப் பையன் ஒருவர் பற்றுச்சீட்டு இல்லாமல் பாதி விலைக்குக் கூரை போடுகிறேன் என்கிறாராம். கொடுக்கலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கொடுக்க வேண்டாம். பிரான்ஸில் கட்டுமானம் செய்பவருக்கு 10 வருடப் பொறுப்பு உண்டு, அதற்கான காப்புறுதியும் கட்டாயம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் கூரை ஒழுகும் நாளில் அந்தக் காப்புறுதியைக் கேட்கவே முடியாது. பழைய வீட்டு வேலைக்கான குறைந்த வற் வரியும் கிடைக்காது. மதிப்பீட்டுச் சீட்டில் கையெழுத்து வைக்கும் முன் காப்புறுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கூரை ஓட்டின் நிறமோ வகையோ மாறுவதென்றால் நகரசபைக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்: சாதாரணமாக ஒரு மாதம், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்துக்கு அருகில் என்றால் இரண்டு மாதம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் கல்வீட்டுக்கும் இந்த முறை பொருந்துமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சீமெந்து கூடாது என்பது இன்னும் அதிகமாகவே பொருந்தும். அங்குள்ள சுண்ணாம்புக்கல் மென்மையானது. சாந்து கல்லை விட வலுவாக இருந்தால் கல்தான் உதிரும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பும் கழுவிய ஆற்று மணலும் போதும், கடல்மணல் வேண்டாம். வெயிலில் வேகமாகக் காய்ந்து வெடிப்பதுதான் அங்குள்ள தொல்லை என்பதால், சுவரில் நிழல் விழும் நேரத்தில் பூசி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். மேலே எமல்ஷனுக்குப் பதில் வெள்ளை அடித்தால் போதும்.