பலெர்மோவில் கப்பல் நிற்கும் ஒரு நாள்: கேள்வி-பதில்

மத்தியதரைக் கடல் குரூஸ் போகும் குடும்பங்களிடமிருந்து இந்த சீசனில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிசிலித் தீவின் பலெர்மோ பற்றியவை. எனக்கு மிகவும் பிடித்த ஊர், அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

காலை 8 மணிக்குக் கப்பல் வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. நானும் கணவரும், 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். கப்பலில் விற்கும் டூரை எடுக்கலாமா, நாங்களே போய்க்கொள்ளலாமா? (கோவை வாசகி)

நீங்களே போங்கள். ரோம் என்று சொல்லி சிவிட்டாவெக்கியாவில் இறக்கிவிடுவார்கள், பிளாரன்ஸ் என்று லிவோர்னோவில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஊருக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலெர்மோ அப்படி இல்லை, கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும். துறைமுக வாசலைத் தாண்டி எதிரே போகும் வியா அமாரி என்ற தெருவில் நேராக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பொலித்தேயாமா சதுக்கம், அங்கே இடப்பக்கம் திரும்பினால் தியேட்டர் மாஸ்ஸிமோ, அதையும் தாண்டி அதே வழியில் போனால் குவாத்ரோ காந்தி என்ற நான்கு முனைச் சந்திப்பு. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது.

ஆனால் ஒன்பது மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். இறங்க அரை மணி, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாகவே ஏறிவிட வேண்டும், ஆக கையில் இருப்பது ஏழரை, எட்டு மணி நேரம்தான். அதில் தூரமான இடம் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். காலையில் தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் காப்போ சந்தைக்குப் போங்கள், மதியத்துக்கு மேல் கடையைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தியேட்டர் 1897-இல் திறந்தது, இத்தாலியிலேயே பெரிய ஓபரா அரங்கு, உள்ளே சுற்றிக்காட்ட ஆள் உண்டு.

மாமியாருக்கு நடக்க முடியவில்லை என்றால் ஆப்பே எனப்படும் மூன்று சக்கர வண்டிகள் துறைமுக வாசலிலேயே நிற்கும், பியாஜியோ கம்பெனி வண்டிதான், நம் ஊர் ஆட்டோ மாதிரியே இருக்கும். ஏறுவதற்கு முன்பு, சொல்லும் தொகை வண்டிக்கா, ஆளுக்கா என்று கேட்டு, காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நான் முதல் தடவை கேட்காமல் ஏறி, நான்கு பேருக்கு நான்கு மடங்கு கொடுத்தேன்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சந்தையில் எதைச் சாப்பிடலாம்? (மயிலாப்பூர் வாசகர்)

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, பெயர் பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லி இலையும் போட்டு, கட்டி தட்டாமல் அடுப்பில் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். களி பதத்துக்கு வந்ததும் மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். எள் தூவிய பன்னைப் பிளந்து நாலைந்து துண்டு அடுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத்தூள் தூவிக் கையில் தருவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். பஜ்ஜி சாப்பிட்டு வளர்ந்த யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. எந்த எண்ணெய், அதில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் போலத் தெரிந்து ஏமாற்றுகிற பண்டங்கள்தான் இங்கே பிரச்சினை. அரஞ்சீனா என்ற சோற்று உருண்டையில் 'வெண்ணெய்' வகை என்று கேட்டு வாங்குவார்கள், அதற்குள் பன்றி ஹாம் இருக்கும். ஸ்பின்ச்சோனே என்ற தடித்த பீட்சாவில் நெத்திலி மீனைக் கரைத்துச் சேர்ப்பார்கள், கண்ணுக்கே தெரியாது. கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறுப்பான ஓட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். 'சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா ஸ்த்ருத்தோ' என்று கேளுங்கள், அதாவது இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்போனாத்தாவையும், கிரனீத்தா என்ற எலுமிச்சை ஐஸையும் விடாதீர்கள்.

பலெர்மோவில் இருக்கிற எங்கட ஆக்கள் மலையேறிப் போய் ஒரு மாதாவைக் கும்பிடுகினம் என்று அம்மா சொல்கிறா. உண்மையா? கப்பல் நிற்கிற நேரத்துக்குள் போய் வரலாமா? (டொராண்டோ வாசகர், பூர்வீகம் யாழ்ப்பாணம்)

உண்மைதான். அவர் மாதா இல்லை, சாந்தா ரொசாலியா என்ற புனிதை, 12-ஆம் நூற்றாண்டில் குடும்பத்தை விட்டு வந்து மலைக்குகையில் தனியாகத் தவம் இருந்ததாகச் சொல்லப்படும் பெண். 1624-இல் ஊரைக் கொள்ளைநோய் வாட்டியபோது பெல்லெக்ரீனோ மலையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாக எடுத்துவந்த பிறகு நோய் அடங்கியது என்பது ஊராரின் நம்பிக்கை. அன்றிலிருந்து பலெர்மோவின் காவல் தெய்வம் அவர்தான்.

1980-களிலிருந்து போருக்குத் தப்பி வந்து அங்கே குடியேறிய ஈழத்தமிழர்கள், சைவர்களும் கத்தோலிக்கர்களுமாக, அவரைத் தங்களுடையவராகவே எடுத்துக்கொண்டார்கள். இலங்கையில் மடு மாதா கோயிலுக்குச் சைவர்களும் நேர்த்தி வைத்துப் போவதைப் பார்த்த உங்கள் அம்மாவுக்கு இது புதிதாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே தமிழ் காதில் விழ நல்ல வாய்ப்பு உண்டு.

கோயில் என்பது குகைதான், முன்னால் மட்டும் கட்டடச் சுவர். உள்ளே போனதும் குளிர் முகத்தில் அடிக்கும். பாறையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர் ஆட்கள் மேல் விழாமல் ஓரமாகப் போக, மேலே வளைந்து வளைந்து தகரக் கால்வாய்கள் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் புனிதையின் சிலை பொன்னாடை போர்த்திப் படுத்திருக்கும். நான் அங்கே ஒவ்வொரு முறையும் நினைத்ததைவிட அதிக நேரம் உட்கார்ந்துவிடுகிறேன்.

போய் வரலாம். பொலித்தேயாமாவிலிருந்து 812-ஆம் எண் பஸ் மலைக்குப் போகிறது, ஆனால் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நாளில் அதை நம்பாதீர்கள். காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதாகப் பேசி டாக்ஸி பிடியுங்கள். மழை பெய்தால் கல் சரிந்து பாதையை மூடுவதுண்டு, கிளம்பும் முன் டிரைவரிடம் விசாரியுங்கள். வாசல் வரை படிகள் இருக்கின்றன, அம்மாவை மெதுவாக ஏறச் சொல்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஜூலை 14 இரவு ஊரில் தேர் போல ஒரு பெரிய வண்டியை இழுத்து விழா எடுப்பார்கள், செப்டம்பர் 4 அன்று மலைக்கு நடந்தே போவார்கள், அந்த நாட்களில் கூட்டத்துக்குக் கூடுதல் நேரம் வையுங்கள்.

இந்திய பாஸ்போர்ட். பார்சிலோனாவில் ஏறி துனிஸ் வழியாக பலெர்மோ. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா போதுமா?

போதாது. துனிசியா, ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசா எல்லைக்கு வெளியே இருக்கிறது, பலெர்மோவில் மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாவாகவே கேளுங்கள். துனிஸ் வழி வருபவர்களுக்கு இன்னொன்று: கோடையில் இத்தாலி மணி துனிசியாவைவிட ஒரு மணி முன்னால் ஓடும். போனில் ஒரு மணி, கப்பலில் ஒரு மணி என்று ஆகிவிடலாம். இறங்கும்போது கப்பல் வாசலில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துவிடுங்கள். நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் நிற்காது.

மொன்ரியாலே தேவாலயமா, மொண்டெல்லோ கடற்கரையா? ஒன்றுதான் முடியும். (சிங்கப்பூர் வாசகி)

மொன்ரியாலே. கடற்கரை இந்தப் பயணத்தில் வேறு ஊரிலும் கிடைக்கும், மொன்ரியாலே வேறு எங்கேயும் கிடைக்காது. 1174-ஐ ஒட்டி அரசர் இரண்டாம் வில்லியம் கட்டத் தொடங்கியது. சுவர் முழுக்கப் பொன் மொசைக், ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல். நோவா பேழைக்கு மரம் அறுப்பதிலிருந்து மிருகங்கள் ஏறுவது வரை படக்கதை போல வரிசையாகப் பார்க்கலாம், பிள்ளைகளை அந்தச் சுவரிடம் விட்டுவிடுங்கள். மதியம் மூடும் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்து, காலையிலேயே டாக்ஸியில் போய்விடுங்கள்.

கப்புச்சின் துறவிகளின் சவக்குகைக்கு 9 வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். உலர்ந்த உடல்கள் உடையோடு சுவரில் வரிசையாக நிற்கின்றன, 1920-இல் இறந்த இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை தூங்குவது போலக் கிடக்கிறாள். ராத்திரி கேபினில் அவன் தூங்க மாட்டான்.

சர்ச், சர்ச் என்று பார்த்துப் பிள்ளைகள் சலித்துவிட்டார்கள். வேறு என்ன இருக்கிறது? (நாகர்கோவில் வாசகர்)

பொம்மலாட்டம் இருக்கிறது! சிசிலியின் ஓபெரா தெய் பூப்பி, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கலை. தகரக் கவசம் போட்ட வீரர்கள், தலையிலும் வலது கையிலும் இரும்புக் கம்பி. பலெர்மோப் பொம்மைக்கு முழங்கால் மடங்கும், உறையிலிருந்து வாளை உருவவும் செய்யும். சண்டை நடக்கும்போது ஆட்டுகிறவர் மேடைப் பலகையைக் காலால் ஓங்கி உதைப்பார், அந்தச் சத்தத்துக்கே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தோனியோ பஸ்குவாலினோ பெயரில் 1975-இல் தொடங்கிய அருங்காட்சியகம் கடலோரமாக இருக்கிறது, ஆசிய நாட்டுப் பொம்மைகளும் அங்கே உண்டு. ஆட்டம் எல்லா நாளும் இருக்காது, தேதியைப் பார்த்து முன்பே டிக்கெட் எடுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பியாட்சா மரீனா பூங்கா. பெரிய ஆஸ்திரேலிய அத்தி மரம், நம் ஆலமரம் போலவே விழுது இறக்கி, விழுதே தூண்களாகப் பருத்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் நட்டது. மரம் வேலிக்குள் இருக்கும், ஏற விடமாட்டார்கள், ஆனால் சுற்றி ஓட இடம் இருக்கிறது, பெரியவர்கள் உட்கார பெஞ்சும் நிழலும் உண்டு. கப்பலுக்குத் திரும்ப அங்கிருந்து இருபது நிமிடம் போல ஆகும், படகுத்துறையை ஒட்டியே நடந்து வந்துவிடலாம்.